மூன்றாம் மாடிக்கு ஓர் உருப்படி

அமைச்சருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முதுகெலும்பு. எந்தக் கூட்டத்தில் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் அந்தச் சொல் வந்து விழுந்துவிடும். நாட்டுக்கு முதுகெலும்பு வேண்டும், இளைஞனுக்கு முதுகெலும்பு வேண்டும், நம் முன்னோருக்கு இருந்தது, நமக்கு இல்லை. கிடங்கு வாசலில் குந்தியிருக்கிற லோடுமேன்கள் இதைக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். எங்களில் பாதிப் பேர் இடுப்பில் பட்டை கட்டாமல் காலையில் நிமிரவே முடியாது.

ஆனால் அவர் வாயில் வந்தது எல்லாம் கடைசியில் எங்கள் முதுகில்தான் வந்து இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூன் போடுகிறார்கள், பெஞ்சுகளின் சாய்மானத்தை அறுத்தெடுங்கள் என்றார். அறுத்த பலகைகளை மூன்று லாரியில் ஏற்றியது நாங்கள். வேலை இல்லாதவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து வரிசையில் நின்று, சீக்கிரம் எழுந்திருக்கப் பழக வேண்டும் என்றார். அந்த வரிசைக்குத் தடுப்புக் கம்பி இறக்கியது நாங்கள். ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், வீட்டுக்குப் போய்த் திரும்பத் தூங்கினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள், வீட்டில் சமையல் முடிந்துவிட்டது என்று புருஷனிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றார். அந்தப் படிவம் மட்டும் எழுபது பெட்டி. பெட்டிக்கு இருபத்தெட்டு கிலோ.

என் அக்கா ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்ப்பவள். அந்தப் படிவத்தை மாமாவிடம் நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுங்க. ஆனா சமைச்சது நீங்கதான்னு எழுதிட்டுப் போடுங்க. அரசாங்கத்துக்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

உண்மை அதுதான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் சமைப்பது மாமா. தரையில் உட்கார்ந்து, அடுப்பையும் தரைக்கு இறக்கி வைத்துக்கொண்டு.

அவரும் எங்கள் குழுவில் இருந்தவர். ஒற்றை ஆளாக இரும்புப் பீரோவை ஐந்து மாடி ஏற்றியதால் பீரோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு வங்கியின் பெட்டகத்தை மாடிப்படியில் இறக்கும்போது திருப்பத்தில் கயிறு நழுவியது. சுவருக்கும் பெட்டகத்துக்கும் நடுவில் மாமாவின் இடுப்பு. உயிர் தப்பியது, கால்கள் இரண்டும் அன்றோடு சரி. அதற்குப் பிறகு கிடங்கில் கடன் கேட்டு வாங்கிய ஒரு தட்டை டிராலியில், நாலு சின்னச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, கையுறை போட்ட கைகளால் தரையைத் தள்ளித் தள்ளித்தான் தெருவில் போவார்.

கிடங்கு மேலாளர் மோசமான ஆள் இல்லை. கேட்டில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை காலியானதும் மாமாவைக் கூப்பிட்டார்.

“வேலை உனக்குத்தான் பீரோ. ஆனா இந்தப் பலகையில உக்காந்துக்கிட்டு கேட்டுல இருக்க முடியாது. லாரிக்காரன் மேல உக்காந்திருப்பான், கீழ நீ இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. உன்மேல ஏத்திட்டுப் போயிட்டே இருப்பான். திங்கக்கிழமைக்குள்ள ஒரு வீல்சேர்ல வந்து உக்காரு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன், எனக்கும் மேல ஆள் இருக்கு.”

இது நடந்தது புதன்கிழமை. வீல்சேர் சொந்தமாக வாங்குகிற பேச்சே இல்லை. அரசாங்கம் கொடுக்கும், முதுகெலும்புவின் புதுத் திட்டத்தில். திட்டத்தின் பெயர் ‘சொந்தக் கால்’. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நாங்கள் நாலு பேர் மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் குழுவின் தலைவர் மேஸ்திரி, இன்னும் இரண்டு பேர், நான்.

அலுவலகம் மூன்றாம் மாடியில். கீழே லிஃப்ட் இருந்தது, பூட்டியிருந்தது. மேலே பலகை: ‘சரக்குக்கு மட்டும். மனிதர்கள் மன உறுதியைப் பயன்படுத்தவும்.’

“சாவி யாருகிட்ட இருக்கு?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“மேல. போய் வாங்கிட்டு வந்து ஏறிக்கலாம். ஆனா மேல போனதுக்கப்புறம் ஏன் ஏறப் போறீங்க?”

வேறு வழி இல்லை. பட்டையை எடுத்தோம். அகலப் பட்டை இரண்டை மாமாவின் தொடைக்குக் கீழும் முதுகுக்குப் பின்னும் கொடுத்து, மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். ஆளைத் தூக்குகிற மாதிரி எங்களுக்குத் தூக்கத் தெரியாது. பெரிய அலமாரியைத் தூக்குகிற மாதிரிதான் தெரியும். மேஸ்திரி படி எண்ணினார். மாமா சும்மா வரவில்லை.

“இடது பக்கம் சுவர் வருது, சாய்க்காதீங்க. மச்சான், நீ கீழ இருந்து தள்றியா, தொங்குறியா?”

“பீரோ, இப்ப நீ சரக்கு. சரக்கு பேசாம வரணும்” என்றார் மேஸ்திரி.

“நான் தூக்கின சரக்கு எதுவும் இந்த ஆட்டம் ஆடினதில்லையே மேஸ்திரி.”

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது சக்கர நாற்காலிகள். நாற்பது. அத்தனையையும் நாலு மாதத்துக்கு முன்னால் நாங்கள்தான் லாரியிலிருந்து இறக்கினோம். பாதியைக் கூடத்தின் ஒரு பக்கம் மடக்கி அடுக்கியிருந்தார்கள். மிச்சத்தில் அலுவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நாற்காலிகளின் சாய்மானத்தையும் முதுகெலும்பு அறுக்கச் சொல்லியிருந்தார். முதுகு வலி தாங்காமல் ஆளுக்கு ஒரு வீல்சேரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சர்ரென்று உருண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மாமாவை முகப்பு மேசைக்கு முன்னால் தரையில் இறக்கினோம். மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், பதினேழாம் எண் போட்ட வீல்சேரில் இருந்தார். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து வெளியே நீட்டியிருந்தார், முட்டி வீங்கியிருந்தது. மேஸ்திரி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து டெலிவரி புத்தகத்தை எடுத்து மேசைமேல் நீட்டினார். முப்பது வருடப் பழக்கம். சரக்கு தரையைத் தொட்டதும் அந்தக் கை தானாக நீளும். படி ஏறும் முன்பே எழுதியும் வைத்திருந்தார்: மூன்றாம் மாடி, ஓர் உருப்படி. அந்த அம்மாவுக்கும் பழக்கம். நாள் முழுக்க அமைச்சர் படமும் பெட்டியும் வந்து இறங்குகிற இடம் அது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, ரப்பர் சீலை ஊதி, குத்தினார்.

அப்புறம்தான் நிமிர்ந்தார்.

“என்ன வேணும்?”

“வீல்சேர்” என்றார் மாமா தரையிலிருந்து.

எட்டிப் பார்த்தார். “எப்படி வந்தீங்க?”

“தூக்கிட்டு வந்தாங்க.”

“அப்ப உங்களுக்கு ஆதரவு இருக்கு. ஆதரவு உள்ளவங்களுக்குக் கிடையாது. விதி நாலு.”

“நானே ஏறி வந்திருந்தா?”

“மூணு மாடி ஏறத் தெரிஞ்சவருக்கு நாற்காலி எதுக்குங்க? விதி அஞ்சு.”

“வராமலே மனுவை மட்டும் அனுப்பியிருந்தா?”

“நேர்ல வராத மனு செல்லாது. அது விதி ஒண்ணு.” சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. மனப்பாடமாக இருந்தாலும் மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம் போல.

“அப்ப யாருக்குத்தான் குடுத்தீங்க?”

அந்த அம்மா பேனாவால் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம். ‘சொந்தக் கால் திட்டத்தின் வெற்றி. இவ்வட்டாரத்தில் நடக்க இயலாதோர் எண்ணிக்கை: பூஜ்யம்.’ பக்கத்தில் முதுகெலும்பு, கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி.

“திட்டம் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு?”

“முந்நூத்திப் பன்னெண்டு.”

“நாலே மாசத்துல எல்லாரும் நடந்துட்டாங்க” என்றார் மாமா. “பெரிய ஆளுதான்.”

மேஸ்திரிக்கு நேரம் ஆகிவிட்டது. கீழ்ச் சந்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. “சரி தூக்குங்கடா, எறங்கலாம். கிடைக்காதுன்னா கிடைக்காது.”

நான் குனிந்து பட்டையை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேஸ்திரி, கையெழுத்து வாங்கிட்டீங்களா?”

மேஸ்திரி புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இதை விளக்கியாக வேண்டும். பல வருடத்துக்கு முன் வேறு வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு கட்டிலை மேஸ்திரி தவறான வீட்டில் இறக்கிவிட்டார். அந்த வீட்டம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, நமக்கு இல்லையே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். இவரும் நல்ல மனதோடு எடுத்தார். சாயங்காலம் அந்த வீட்டம்மாவின் புருஷன் வந்தார், கட்டில் எங்கே என்றார், கையெழுத்து இருக்கிறது என்றார். மேஸ்திரி இரண்டு நாள் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரே சட்டம். கையெழுத்து விழுந்த சரக்கை, ரிட்டர்ன் சீட்டு இல்லாமல் பெற்ற அப்பன் சொன்னாலும் தொடக் கூடாது.

“கையெழுத்து விழுந்திருச்சுடா” என்றார் மேஸ்திரி. துணியைத் தொட்டால் சுடும் என்பதுபோல மாமாவிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார்.

“என்ன ஆச்சு? இவரைத் தூக்கிட்டுப் போங்க” என்றார் அந்த அம்மா.

“ரிட்டர்ன் சீட்டு குடுங்கம்மா, தூக்கறோம்.”

“சீட்டா? இவர் மனுஷருங்க.”

“புத்தகத்துல உருப்படின்னுதான் இருக்கு. சீல் உங்களோடது.”

“அதை நான் பாக்காமப் போட்டது.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார் மேஸ்திரி வருத்தத்தோடு. விளையாட்டுக்கு இல்லை. அந்த பெஞ்சு இன்னும் அவர் முதுகில் உறுத்திக்கொண்டிருந்தது. மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

நான் உறவு. எனவே நான் ஆதரவு. கதவருகில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், ஆதரவுகள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மாமா, கூடத்தின் நடுவழியில், கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உருண்டு வருகிறவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

மூன்று மணி ஆயிற்று. மாமா வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

“அம்மா, உங்க பதினேழாம் நம்பர்ல இடது பக்க முன் சக்கரம் ஆடுது. அந்த நட்டை ஒரு சுத்து முடுக்கணும். இல்லன்னா என்னிக்காவது கவுந்துருவீங்க.”

“இறக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல உங்க ஆளுங்க.”

“அப்ப நான் வேலையில இல்லம்மா. இருந்திருந்தா சொல்லியிருப்பேன். கால் என்ன வீங்கியிருக்கு?”

அந்த அம்மா செருப்பைத் தேடிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “முட்டி போச்சு. தினமும் மூணு மாடி. மேல வந்து அரை மணி நேரம் மூச்சு வாங்கினாத்தான் பேனா பிடிக்க முடியுது.”

“லிஃப்ட் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“நான் சரக்கு இல்லையே.”

“மனுப் போட்டுப் பாருங்களேன்.”

“எப்படிங்க போடறது? தினமும் ஏறி வர்றேனே, விதி அஞ்சு.” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததும் சீலை எடுத்து எதையோ குத்தினார்.

நாலு மணிக்கு மேலதிகாரிக்குப் போன் போட்டார். பாதிதான் எனக்குக் கேட்டது.

“இல்ல சார், கிளம்ப மாட்டேன்னு சொல்லலை. முடியலை... நாங்க எப்படி சார் தூக்கறது, மனுதாரரைத் தொடக் கூடாது, விதி ஏழு... ஆமா சார், சுயமரியாதை பாதிக்கும்... அஞ்சு மணி அறிக்கையிலயா? அப்படின்னா ஒண்ணுன்னு போடணுமே சார்... புரியுது சார். பூஜ்யம்தான் சார்.”

போனை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். “அஞ்சு மணிக்குக் கட்டடத்துக்குள்ள நடக்க முடியாதவர் ஒருத்தர் இருந்தா அறிக்கையில ஒண்ணுன்னு போடணும். போட்டா அந்தப் பத்திரம் போயிடும். என் வேலையும் கூடவே போயிடும். எனக்கு இன்னும் ஏழு மாசம்தாங்க இருக்கு.”

“அப்ப ரிட்டர்ன் சீட்டு எழுதுங்க.”

“காரணம் எழுதணுமே. ரெண்டு காலும் வேலை செய்யலைன்னு என் கையால எழுதி சீல் வெச்சா, அதுவும் ஒண்ணுதானே?”

மாமா யோசித்தார். அவருக்கு என்ன வேண்டும் என்பது அவர் கண் போன இடத்திலேயே தெரிந்தது. மூன்றடி தூரத்தில் நாற்பது கிடக்கிறது. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள் நிற்கிறது. சத்தம் போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். மாமா தொழில்காரர். சரக்கைப் பற்றி யோசித்தார்.

“இந்த நாற்காலிங்களுக்கெல்லாம் பாரம் ஏத்தி சோதனை பண்ணிட்டீங்களா?”

அந்த அம்மாவின் கை நின்றது.

“எங்க கிடங்குல புது டிராலி வந்தா, மூட்டையை ஏத்தி நாலு நாள் ஓட்டிப் பாத்துத்தான் கணக்குல சேப்பாங்க. நாற்பது வாங்கியிருக்கீங்க. பேப்பர் கேக்க மாட்டாங்களா?”

“மூணு தடவை கேட்டுட்டாங்க” என்றார் மெதுவாக. இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பு வந்தது. மேலே சிவப்புப் பட்டி. “எடை தாங்கும் சோதனை அறிக்கை, நிலுவை. யாருக்கும் குடுக்கவே இல்லையே, யாரை வெச்சு சோதனை பண்றது.”

“சரக்கா ஒரு நாற்காலி வெளிய போகுதுன்னு எழுதுங்க. அதுமேல சோதனைப் பாரம் ஒண்ணு, நான்.”

அந்த அம்மா நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கை வெளியே விடுகிற கேட் பாஸ் புத்தகத்தைப் பிரித்தார். “எந்த நம்பர் போடறது?”

“பதினேழு போடுங்க. அதோட நோய் எனக்குத் தெரியும்.”

“அப்ப நான் எதுல உக்கார்றது?” என்றவர், தானே எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாரம் எத்தனை கிலோ?”

“முன்னாடி எழுபத்தெட்டு. இப்ப அறுபது இருக்கும்.”

“சோதனை எத்தனை நாளைக்கு?”

“காலம் போடணும்னு விதி இருக்கா?”

“இல்ல.”

“அப்ப, பாரம் இருக்கிற வரைக்கும்னு போடுங்கம்மா.”

எழுதினார். நாற்காலியை மாமாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார். நான் மஞ்சள் கோட்டைத் தாண்டப் போனேன். பேனாவை என் பக்கம் நீட்டி நிறுத்தினார்.

“அங்கயே நில்லுங்க. நீங்க தூக்கினா அவர் பாரம் இல்ல, மனுதாரர். அப்புறம் எல்லாம் முதல்ல இருந்து.”

ஆக மாமாதான் ஏற வேண்டும். இருக்கையில் ஒரு கை, கால்பலகையில் ஒரு கை வைத்து எம்பினார். நாற்காலி பின்னால் ஓடியது, அவர் பக்கவாட்டில் விழுந்தார். இரண்டாவது தடவை பாதி உயரம் போனார். ஒரு காலத்தில் பெட்டிகளைத் தோளில் அடுக்கிய கைகள். நரம்பு புடைத்தது, திரும்பத் தரைக்கே வந்துவிட்டார். கூடத்தில் எல்லோரும் உருள்வதை நிறுத்திவிட்டு அவரவர் வீல்சேரில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். தாங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது.

அந்த அம்மா தன் வீங்கிய காலைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அணை கொடுத்தார்.

“நான் நாற்காலியைத்தான் தொடறேன்” என்று கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னார். “ஏறுங்க.”

மூன்றாவது தடவை ஏறிவிட்டார். வேட்டியை இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார். நானும்.

மணி நாலே முக்கால். லிஃப்டின் பூட்டைத் திறந்தார். மாமா உருண்டு உள்ளே போனார். அந்த அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார்.

“நிறைய இடம் இருக்கும்மா” என்றார் மாமா.

கேட் பாஸைச் சுவரில் வைத்து ஒரு வரி சேர்த்தார். கூடுதல் பாரம் ஒன்று, ஐம்பத்தெட்டு கிலோ.

“அறுபத்தஞ்சுக்குக் குறையாது” என்று மாமா சொன்னது கதவு மூடும்போது கேட்டது. அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. நான் ஆதரவு என்பதால் படியில் ஓடி இறங்கினேன்.

வீட்டில் அக்கா கேட் பாஸை இரண்டு முறை படித்தாள்.

“பாரமா? ரெண்டு வருஷமா நான் தூக்கறேன், எனக்கு ஒரு சீட்டும் குடுக்கலையே” என்றாள். பிறகு நட்டை முடுக்க ஸ்பானர் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வருவதற்கு வெகு நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு முதல் லாரி வந்தது. கேட்டின் நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் பிரேக் போட்டு, நீளமாக ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டினான்.

“யோவ், நடுவுல என்னய்யா? கண்ணு தெரியலையா?”

மாமாவைப் பார்த்து ஒரு லாரிக்காரன் திட்டி இரண்டு வருடம் ஆயிற்று. அவர் நகரவில்லை. அட்டையில் சொருகிய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார்.

“வண்டி நம்பர் சொல்லு” என்றார்.